கிடைத்த சீட்டை வேண்டாமென்றவள்

ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் போதும், அதைப் போட்டிருந்தவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று இஸ்திரியக்கா சொல்லிவிடுவாள். இது ஜோசியம் இல்லை, பன்னிரண்டு வருட வேலை. முழங்கை மட்டும் நைந்திருந்தால் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர். முதுகில் மட்டும் உப்புப் பூத்திருந்தால் வண்டி ஓட்டுகிறவர். மூன்றாம் மாடிக்காரர் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்பதை அவர் மனைவிக்கு முன்னால் கண்டுபிடித்தது அவள்தான். பேன்ட்டின் பின்பக்கம் பூங்கா பெஞ்சின் பச்சைப் பெயின்ட் கோடு கோடாக ஒட்டியிருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதி.

ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த சரிவான இடம்தான் அவளுடைய கடை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மேஜைக்குப் பக்கத்தில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். மேஜைமேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு, கனமான மின்சார இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், தூசி தட்டும் பிரஷ். காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை நின்றபடியே வேலை. கணவர் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். கேன் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் போய்விட்டது, நின்று நின்று இவளுக்குக் கால் போய்விட்டது. "ரெண்டு பேரையும் சேத்து ஒட்டினா ஒரு முழு ஆள் தேறும்" என்பார். அவர் பேசுவதே அபூர்வம், பேசினால் இப்படி ஏதாவது ஒன்றுதான்.

ஒரே மகள், ஐந்து வயது. அந்தக் குடியிருப்பில் அவளை வாலு என்று கூப்பிடாதவர்கள் கிடையாது. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் வீட்டில் யாருக்கு இருப்புக்கொள்ளவில்லை என்றால், பெற்றவர்களுக்கு அல்ல, அத்தைக்காரிக்கு. கணவரின் தங்கை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரில் எந்தத் திட்டம் வந்தாலும் அதன் விண்ணப்பம் முதலில் அவள் கையில்தான் பிரதியாகும். அரசாங்கம் சில வருடங்களுக்கு முன்னால் ஒன்று அறிவித்திருந்தது. தனியார் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பில் சில இடங்களை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக விட வேண்டும், ஆள் அதிகமானால் குலுக்கல் போட வேண்டும் என்று. நாத்தனார் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாலுவின் போட்டோவை ஒட்டி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் பகலில் அவள் ஓடி வந்தாள். படிக்கட்டுச் சரிவில் தலை இடித்துக்கொண்டது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"அண்ணி, நம்ம வாலுக்கு சீட்டு கெடச்சிருச்சு. இருநூறு பேருக்கு மேல போட்டாங்க. பன்னெண்டு பேருக்குத்தான். அதுல நம்ம வாலு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"கேட் பள்ளிக்கூடம்தான். வேற எது?"

கேட் பள்ளிக்கூடம் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். யானை நுழைகிற அளவுக்கு இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் நாலு மாடி. குடியிருப்பின் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். அவர்களுடைய சீருடைகளை ஒன்பது வருடமாகத் தேய்ப்பவள் இஸ்திரியக்கா. நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். இவளோ கையிலிருந்த சட்டையின் காலரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"இங்க பாரு" என்றாள். அது கேட் பள்ளிச் சட்டை. காலரின் இரண்டு நுனியும் கடித்துக் கடித்து நைந்து, உள்ளே வைத்த கனத்துணி வெளியே எட்டிப் பார்த்தது. "இது ரெண்டாங் கிளாஸ் பையனோடது. இது நாலாம் மாடிப் பொண்ணோடது, அதுவும் இப்படித்தான். பத்து சட்டை எடுத்தா நாலுல காலரக் கடிச்சிருக்காங்க. பாவாடையப் பாரு, உக்காந்து உக்காந்து பின்னாடி கண்ணாடி மாதிரி பளபளக்குது. கையில ஒரு மை இல்ல, ஒரு அழுக்கு இல்ல. போட்டு அனுப்பினது அப்படியே திரும்பி வருது. பிள்ளைங்கள எந்திரிக்கவே விடமாட்டாங்க போல."

நாத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப எங்க சேக்கப் போறீங்க?"

இஸ்திரியக்கா குவியலிலிருந்து இன்னொரு சட்டையை உருவினாள். குடியிருப்பு வாட்ச்மேன் தன் காக்கி உடுப்பைத் தேய்க்கக் கொடுக்கும்போது மகளின் சீருடையையும் சேர்த்துக் கொடுப்பார். அவள் தெருமுனையில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அந்தச் சட்டையின் வலது கைநுனியில் சாக்பீஸ் தூள், தோளில் சாக்பீஸ் தூள், பையைத் திருப்பி உதறினால் அதிலும் தூள். ஈரம் தெளிக்கும் முன்னால் பிரஷ் போட்டுத் தட்டாவிட்டால் இஸ்திரிச் சூட்டில் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். ஒரு தடவை கூட அது சாக்பீஸ் இல்லாமல் வந்ததில்லை. காலர் மட்டும் பல் படாமல் முழுசாக இருந்தது.

"தெனமும் போர்டுகிட்ட கூப்பிட்டு எழுத வைக்கிறாங்க. அங்க பிள்ளைங்க எந்திரிச்சு நிக்குது, எழுதுது. எம்பொண்ணு அங்க போகட்டும்."

நாத்தனாருக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "ஊரு உலகம் ரிசல்ட்டப் பாத்துச் சேக்குது. நீங்க காலரப் பாத்துச் சேக்குறீங்களா அண்ணி? அண்ணே, நீயாவது சொல்லேன்."

அப்போதுதான் வந்த அண்ணன் கேனை இறக்கி வைத்துக்கொண்டே, "அவ கண்ணு தப்பாது" என்றார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் நாத்தனாரிடம் சொல்லவில்லை, தனக்குத் தானே கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நாலாம் மாடிப் பெண்ணின் பாவாடை மடிப்பைக் காலையில் தான் பிடித்து வைக்க, தன் மகள் அதே பாவாடையைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. "உங்கம்மாதானே எங்க துணிய தேய்க்கிறாங்க" என்று ஒரு பிள்ளை, அதுவும் வெகுளியாகத்தான், கேட்கும். வாலு என்ன பதில் சொல்லுவாள்? பயம்தான். பயத்துக்குக் காலரும் பாவாடையும் துணைக்குக் கிடைத்தன. யாருக்குத்தான் அப்படிக் கிடைப்பதில்லை?

சேர்க்கைக்குக் கடைசி நாள் வந்தது. அவள் போகவில்லை. சீட்டு பட்டியலில் அடுத்திருந்த பிள்ளைக்குப் போனது. அந்தத் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பில் விட்டால் விட்டதுதான், மறுபடி நுழைய வழி கிடையாது. நாத்தனார் ஒரு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க அண்ணி பெரிய ஆராய்ச்சியாளர், சட்டையப் பாத்தே சிலபஸ் சொல்லுவாங்க" என்று குத்திக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் நாலே மாதத்தில் அந்தக் குத்தல் எல்லாம் அடங்கிப் போனது. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாலு படிக்க ஆரம்பித்துவிட்டாள். தேய்த்த துணியைச் சுற்றும் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தலைப்பை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கேன் மேல் ஒட்டியிருப்பதை வாசிப்பாள். லிஃப்ட்டில் எழுதியிருப்பதை வாசிப்பாள். எதைக் கேட்டாலும், "சின்ன டீச்சர் சொன்னாங்க" என்பாள். தப்பு வந்தால், "சின்ன டீச்சர் இதை முதுகுல எழுதிக் காட்டச் சொல்வாங்க" என்று அம்மாவின் முதுகில் விரலால் எழுதுவாள். கேட் பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஒன்று இன்னும் பாட்டுதான் பாடிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் இஸ்திரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு பேப்பரை வாலுவின் கையில் திணிப்பாள். யாரோ ஒரு சின்ன வயசு டீச்சர், பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றும் நினைத்தாள்.

அந்த நாள் மின்வெட்டால் வந்தது. காலை பத்தரைக்கு மின்சாரம் போனது, மாலைதான் வரும் என்றார்கள். இஸ்திரிப்பெட்டி ஆறிக் கிடந்தது. பன்னிரண்டு வருடத்தில் பகல் நேரத்தில் கை சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. முதல் அறையில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக உட்கார்ந்திருக்க, பெரிய டீச்சர் என்று எல்லோரும் சொல்லும் தலைமையாசிரியை அவர்களுக்கு எழுதப் போட்டுவிட்டு ஏதோ படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது அறையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒன்றாம் இரண்டாம் வகுப்பு வாண்டுகள் பதினேழு பேர், வாலு முதல் வரிசையில். போர்டுக்கு முன்னால் கவிழ்த்து வைத்த வாளிமேல் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தது வாட்ச்மேன் மகள்.

"இப்ப பக்கத்துல இருக்குறவங்க முதுகுல எழுதுங்க. அழுத்தாதீங்க, கூச்சம் வரும். என்ன எழுத்துன்னு அவங்க சொல்லணும்."

பதினேழு விரல்களும் முதுகுகளைத் தேடின. சிரிப்புச் சத்தம். அவள் வாளியிலிருந்து இறங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு குழந்தை அழப் போனது, முதுகைத் தட்டிக் கொடுத்துச் சமாதானம் செய்தாள். நல்ல வாத்தியார் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தாள். இஸ்திரியக்காவுக்கு முதலில் மனசு குளிர்ந்தது. எவ்வளவு நல்ல பள்ளிக்கூடம், பெரிய பிள்ளையைக் கூப்பிட்டு எழுத வைக்கிறார்கள் என்று டீச்சரைத் தேடினாள். நாற்காலியில் டீச்சர் இல்லை. ஒரு புத்தகப் பைதான் இருந்தது. மூலையிலும் இல்லை, வாசலிலும் இல்லை. அந்த நேரம் வாட்ச்மேன் மகள் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தாள். தேய்ந்து சின்னதானதைப் பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

இஸ்திரியக்காவுக்குச் சுருக்கென்றது. போர்டில் எழுதக் கூப்பிட்ட பிள்ளையின் பையில் சாக்பீஸ் எதற்கு இருக்கும்? இரண்டு வருடமாக அந்தப் பையை உதறியவள் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அவள் கண்ணு தப்பாது என்றாரே அவள் புருஷன், அது இப்படித் தப்பியிருந்தது.

அவளைப் பார்த்துவிட்ட பெரிய டீச்சர் எழுந்து வந்து வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசினார்.

"ரெண்டு ரூமுக்கு நாங்க ரெண்டு பேரு இருந்தோம். இன்னொரு டீச்சர வேற ஊருக்கு மாத்திட்டாங்க. ஆள் போடுறோம்னாங்க. எழுதிப் போட்டு எழுதிப் போட்டு என் கைதான் ஓஞ்சுது. அந்தப் பொண்ணு மூணாவது படிக்கும்போது, சின்னப் பிள்ளைங்க சத்தம் போடாமப் பாத்துக்கோன்னு ஒரு வாரத்துக்கு விட்டேன். அவ பாத்துக்கல, பாடம் எடுத்தா. என்னைவிட நல்லா எடுத்தா. என்னம்மா செய்யச் சொல்றீங்க?"

"அவ எப்போ படிப்பா டீச்சர்?"

பெரிய டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாழ்ந்த குரலில், "வெளிய சொல்லிடாதீங்க. முப்பத்தெட்டுப் பிள்ளைங்கதான் இருக்கு. வருஷா வருஷம் இங்க சேர வேண்டியதெல்லாம் அந்த இலவச சீட்டுல போயிடுது. இது தெரிஞ்சா என்னைத் தூக்குவாங்க, அது போகட்டும். பள்ளிக்கூடத்தையே மூடிட்டு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. இந்த வாண்டுங்க அந்த ரோட்டைத் தாண்டுமா?" என்றார்.

அன்று மாலை மின்சாரம் வந்த பிறகு வாட்ச்மேன் மகள் அப்பாவின் உடுப்பை வாங்கிப் போக வந்தாள். பத்து வயது, ஒல்லி, தோளில் புத்தகப் பை. இஸ்திரியக்கா அவளுடைய ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. துணியின் மடிப்பைப் பார்க்கிற கண்ணால் புத்தகத்தின் முதுகைப் பார்த்தாள். பள்ளி திறந்து பாதி வருடம் ஆகியும் அது விரியாமல் விறைப்பாக இருந்தது. உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதைக் கொஞ்சம் படி, கேப்போம்."

அவள் படித்தாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக. வாலு படிப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மேஜையில் முப்பத்தாறு உருப்படி இருந்தது. நாலு வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு எத்தனை என்று கேட்டாள். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நாலு இடத்தில் அடுக்கத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்புக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாளாம்.

அந்தப் பெண்ணின் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஆறு மாதத்தில் அவள் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே கடைசி பெஞ்ச், அப்புறம் ஒரு வருடம் இரண்டு வருடம், அப்புறம் வீடு. வாலு வாயில் வருகிற ஒவ்வொரு எழுத்தும் இவளுடைய படிப்பிலிருந்து பிடுங்கி எடுத்தது. இதை நினைத்தபோது இஸ்திரியக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை நாளாக நாத்தனார் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாளே, இதற்காகத்தானா?

வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னக்கா நீங்க. நான் கதவத் தொறந்து மூடுறவன். எம்பொண்ணு பத்து வயசுலயே டீச்சரா நிக்கிறா. பிள்ளைங்க அவளப் பாத்தா எந்திரிச்சு வணக்கம் சொல்லுது. இதைவிட என்ன வேணும்?"

வீட்டில் சொன்னதற்குக் கணவர் தோளைத் தடவிக்கொண்டே, "வெளிய சொன்னா நம்ம வாலுக்கு இருக்குற டீச்சரும் போயிடும்" என்றார். உண்மைதான். சொல்லாவிட்டால் வாலு நன்றாகப் படிப்பாள். சொன்னால் பள்ளிக்கூடமே இல்லாமல் போனாலும் போகும். நாத்தனார் மட்டும், "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்று தொடங்கி, இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளும் நல்லவள்தான்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வருகிறார், பள்ளி நன்றாக நடக்கிறது என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டு போவார். பதினைந்து பேர் வந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர்கள். அதிகாரி அவசரத்தில் இருந்தார். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள் என்றார். பெரிய டீச்சர் வாலுவைக் கூப்பிட்டார். வாலு புத்தகத்தை மட்டுமல்ல, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி, அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை வரை படித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்லாப் படிக்கிறியே. யாரு சொல்லிக் குடுத்தது?"

"சின்ன டீச்சர்."

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. வாட்ச்மேன் பின்னால் நின்றபடி மகளைப் பெருமையாகப் பார்த்தார். தாள் கையெழுத்துக்கு வந்தது. நாலைந்து பேர் கையெழுத்து போட்டார்கள். இஸ்திரியக்காவின் கைக்கு வந்தபோது பேனா ஓடவில்லை. அவள் எழுந்தாள்.

"அம்மா, சின்ன டீச்சர்னு ஒருத்தர் இங்க கெடையாது. அஞ்சாங் கிளாஸ் பிள்ளைதான் சொல்லிக் குடுக்குது. ரெண்டு வருஷமா."

அதிகாரி பேனாவை மூடினார். "நீங்க யாரு?"

"இப்ப படிச்சாளே, அவளோட அம்மா. துணி தேய்க்கிறேன். இங்க இருக்குறவங்க வேற வழி இல்லாமப் பிள்ளைய விட்டவங்க. நான் அப்படி இல்ல. குலுக்கல்ல கேட் பள்ளிக்கூடத்துல சீட்டு கெடச்சுது. வேண்டாம்னு சொல்லிட்டு இங்க தேடி வந்தேன். அதனால கேக்குறதுக்கு எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சீட்டுக்குக் காலில் விழுந்தவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார், வேண்டாமென்றவளை அன்றுதான் பார்க்கிறார்.

"பெரிய டீச்சர ஒண்ணும் சொல்லாதீங்க. ஒத்த ஆளா அஞ்சு கிளாஸ் பாக்குறாங்க. ஆள் இல்லன்னு மூடிட்டும் போகாதீங்க. ஆள அனுப்புங்க. அந்தப் பிள்ளைய அதோட இடத்துல உக்கார வைங்க. அவ்வளவுதான்."

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதிகாரி திரும்பி, "யாரந்தப் பிள்ளை? இங்க வாம்மா. உன் புத்தகத்தைக் கொஞ்சம் படி" என்றார். இஸ்திரியக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தடுக்கலாமா என்பதற்குள் அந்தப் பிள்ளை நடுவில் வந்து நின்றுவிட்டது. பதினேழு வாண்டுகளும் வாசலில் நின்று, தங்கள் டீச்சர் படிக்கப் போகிறார் என்று ஆவலாகப் பார்த்தன. அவள் முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியின் நடுவில் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடம். வாலு வாய்க்குள்ளேயே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பிள்ளை நேராக இஸ்திரியக்காவைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வெளியே போனார். அதற்குப் பிறகு அவருடைய காக்கி உடுப்பு படிக்கட்டுக்கு அடியில் வரவில்லை. எல்லோருக்கும் சலாம் வைக்கிறவர், காலையில் இவள் கடைக்கு வரும்போது மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெரிய டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்றார்கள். பள்ளியை மூடப் போகிறார்கள் என்று ஒரு வாரம் பேச்சு அடிபட்டது. வாலு, "சின்ன டீச்சர் எங்களுக்கு வரமாட்டேங்கிறாங்க, நீதானே காரணம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். முதுகில் எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். இஸ்திரியக்கா இரண்டு தடவை சட்டையில் சூடு வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

நாலாவது வாரம் ஒரு புது டீச்சர் வந்தார். வருடம் முடியும் வரைதான் உத்தரவு, அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயசுக்காரர், உண்மையான சின்ன டீச்சர். ஒன்று இரண்டு வகுப்பைப் பெரிய டீச்சர் எடுத்துக்கொண்டார், மூன்றிலிருந்து ஐந்து வரை புதியவருக்கு. வாலுவின் வாசிப்பு கொஞ்சம் நிதானப்பட்டது. அதற்காக இஸ்திரியக்கா வருத்தப்படாமல் இல்லை. பெற்ற மனசுதானே, வருத்தப்பட்டாள். ஆனால் அந்த வருத்தம் அவளைக் குத்தவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள், பள்ளி விட்ட நேரத்தில், படிக்கட்டு ஓரமாக ஒரு நிழல் நின்றது. வாட்ச்மேன் மகள். உள்ளே வரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாம வந்தேன்" என்றாள்.

"வா."

"நான் நல்லா சொல்லிக் குடுத்தேன்ல?"

இஸ்திரியக்கா பெட்டியை நிறுத்தினாள். "ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்த. எம்பொண்ணுக்கு எழுத்து போட்டவ நீதான். நான் சாகுற வரைக்கும் அதை மறக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?"

"நீ படிக்கணும்னு சொன்னேன். அவங்க உன்னப் படிக்கச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அது என் தப்புதான். மன்னிச்சுக்கோ."

அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டது. மன்னித்ததா இல்லையா என்று சொல்லவில்லை. காலால் தரையைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டு நின்றது. பிறகு சொல்ல வந்ததைச் சொன்னது.

"நேத்து வகுத்தல் கணக்கு போட்டாங்க. எனக்குப் புரியல. புரியலன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. டீச்சர் பாத்துட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தாங்க. கீழயே உக்காந்தாங்க. மூணு தடவ சொன்னாங்க."

"அப்புறம்?"

"புரிஞ்சுடுச்சு." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அக்கா, எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுத்தது இதான் மொத தடவ."

இஸ்திரியக்கா அழுதுவிட்டாள். குனிந்து நிற்கவேண்டிய அந்தச் சரிவில் அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பிள்ளை உள்ளே வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேற்றுகிற மாதிரி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தது.